கொடையா, கொளலா? இணையச் சதுரங்கத்தில் சமன் முன்மொழியும் நெறிகள்

ஆய்வுச்சுருக்கம்

சதுரங்க ஆட்டத்தில் இரு ஆட்டக்காரர்களும் மனமொத்துச் செய்யும் செயல் ஒன்றே ஒன்று. ஆட்டத்தைச் சமனாக முடித்துக்கொள்ள ஒருவர் முன்மொழிவதும் மற்றவர் அதனை ஏற்பதும் அச்செயலாகும். பலகையின் முன் அமர்ந்து ஆடும்போது இம்முன்மொழிவுக்குரிய காலம், சொல், அளவு ஆகியவற்றை விதியும் மரபும் வரையறுக்கின்றன. இணையவழி ஆட்டத்தில் முன்மொழிவு ஒரு பொத்தானாகச் சுருங்கியுள்ளது. இச்சுருக்கத்தால் முன்மொழிவின் நோக்கம் மறைகிறது என்பதையும், மறைந்த நோக்கத்தை வெளிப்படுத்தும் பணியையே இணைய ஆட்ட நெறிகள் செய்கின்றன என்பதையும் தமிழ் இலக்கண மரபின் வினா, விடைக் கோட்பாடுகளின் துணையுடன் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: இணையச் சதுரங்கம், சமன், கொளல்வினா, கொடைவினா, இனமொழி விடை, பணிவுக் கோட்பாடு.

முன்னுரை

தமிழகத்தின் சதுரங்க வரலாறு நெடியது. 1961-இல் மானுவல் ஆரோன் இந்தியாவின் முதல் பன்னாட்டு மாஸ்டராகவும், 1988-இல் விசுவநாதன் ஆனந்த் முதல் கிராண்ட்மாஸ்டராகவும் ஆயினர். 2013-இல் உலக வாகையர் போட்டி சென்னையில் நடைபெற்றது. 2022-இல் 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாட் மாமல்லபுரத்தில் நடைபெற்றது. 2024 டிசம்பரில் குகேஷ் தம் 18-ஆம் வயதில் உலக வாகையரானார். இவ்வளர்ச்சியோடு இணையவழி ஆட்டமும் பெருகியது. 2007-இல் தொடங்கிய செஸ்.காம், 2010-இல் தொடங்கிய லிச்செஸ் ஆகிய தளங்கள் கைப்பேசி வைத்திருக்கும் எவரையும் எந்நாட்டவருடனும் ஆடச் செய்தன. 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் பன்னாட்டுப் போட்டிகள் பலவும் இணையத்திற்கு மாறின.

இதன் விளைவாக, சங்கத்திலோ போட்டியரங்கிலோ பழகுமுன் இணையத்தில் பழகிய இளைய ஆட்டக்காரர் தலைமுறை ஒன்று உருவாகியுள்ளது. காய் நகர்த்தும் முறையை மென்பொருள் கற்பிக்கும். தவறான நகர்வைத் தடுக்கவும் செய்யும். எதிராளியிடம் நடந்துகொள்ளும் முறையை அது கற்பிப்பதில்லை. இக்குறை மிகத் தெளிவாகப் புலப்படும் இடம் சமன் முன்மொழிவாகும். தோற்கும் நிலையில் அடுத்தடுத்துச் சமன் கேட்பது, எதிராளியின் கடிகாரம் ஓடும்போது கேட்பது, மறுத்தவரைக் கடிந்து எழுதுவது ஆகியவை இணைய ஆட்டத்தில் பலரும் எதிர்கொள்ளும் குறைகள். இவற்றைத் தனிமனிதப் பண்புக் குறைபாடாகக் கண்டு கடந்துவிடுதல் எளிது. ஊடகம் மாறியபோது மொழிச்செயல் ஒன்று எவ்வாறு தன் உறுப்புகளை இழந்தது என்று நோக்குவதே பயனுடையது.

சமன் வகைகளும் உடன்பாட்டுச் சமனும்

சதுரங்க ஆட்டம் பல வழிகளில் சமனாகலாம். ஆடவேண்டியவர்க்கு நகர்வு ஏதும் இல்லாமலும் அவருடைய அரசன் தாக்கப்படாமலும் இருந்தால் ஆட்டம் உடனே சமனாகும். எவராலும் வெல்ல இயலாத அளவிற்குக் காய்கள் குறைந்தாலும் அவ்வாறே முடியும். ஒரே நிலை மூன்று முறை தோன்றினாலோ, காலாள் நகராமலும் காய் வெட்டப்படாமலும் இருவரும் 50 நகர்வுகள் ஆடினாலோ சமன் கோரலாம். ஐந்து முறை தோன்றினாலோ 75 நகர்வுகள் அவ்வாறு கடந்தாலோ கோரிக்கையின்றியே ஆட்டம் முடிவடையும்.

இவையனைத்தும் பலகையின் நிலையால் விளைவன. உடன்பாட்டுச் சமன் ஒன்றே ஆட்டக்காரர்களின் விருப்பத்தால் விளைவது. வெற்றிக்கு ஒரு புள்ளி, தோல்விக்குச் சுழியம் என்ற கணக்கிற்குள் இருவரும் ஆளுக்கு அரைப் புள்ளி பெற்று எழுகின்றனர். எனவே முன்மொழிவுக்கு நெறி தேவைப்படுகிறது. மற்ற நகர்வுகளைப் பகைவனாகச் செய்யும் ஒருவர் இவ்வொரு செயலை மட்டும் கூட்டாளியாகச் செய்கிறார்.

நாஞ்சில் நாட்டுத் தேநீர்க்கடைப் பலகையில் ஆடுவோர் இருவரை நினைத்துக்கொள்ளலாம். வயதில் மூத்தவரிடம் இளையவர், ‘இத்தோட நிறுத்துவோமா அண்ணாச்சி?’ என்பார். மூத்தவர் இளையவரிடம், ‘போதும் மக்கா, சமமா வச்சுக்குவோம்’ என்பார். இவ்விரு கூற்றுகளிலும் மூன்று கூறுகள் உள்ளன. முதலாவது, உறவு சுட்டும் விளி. இரண்டாவது, பேசுவோரையும் கேட்போரையும் ஒருங்கே அடக்கும் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை. மூன்றாவது, மறுப்பதற்கு இடம் தரும் வினா வடிவமோ இசைவை நாடும் தொனியோ ஆகும். எதிரெதிராக இருந்த ‘நான்’, ‘நீ’ என்பவை ‘நாம்’ ஆகும் கணம் அது.

பலகை மரபு: நகர்வு, சொல், கடிகாரம்

பன்னாட்டுச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயின் விதிகள் சமன் முன்மொழிவுக்குத் தெளிவான வரிசையைத் தருகின்றன. ஆட்டக்காரர் முதலில் தம் நகர்வைப் பலகையில் செய்தல் வேண்டும். பின்னர் சமனை முன்மொழிதல் வேண்டும். அதன் பின்னரே கடிகாரத்தை அழுத்துதல் வேண்டும். முன்மொழிவுக்கு நிபந்தனை விதித்தல் கூடாது. சொன்னதைத் திரும்பப் பெறவும் இயலாது. எதிராளி ஏற்கும் வரை, வாய்மொழியாக மறுக்கும் வரை, அல்லது நகர்த்தும் நோக்குடன் ஒரு காயைத் தொடும் வரை அது செல்லுபடியாகும். முன்மொழியப்பட்ட செய்தியை இருவரும் தத்தம் குறிப்புத்தாளில் (=) என்னும் குறியால் பதிவு செய்தல் வேண்டும்.

இவ்வரிசைக்குக் காரணம் உண்டு. நகர்வுக்குப் பின் சொல்வதால், முன்மொழிபவர் தம் கருத்தைப் பலகையில் வைத்துவிட்டே பேசுகிறார்; எதிராளியின் விடையைக் கேட்டுத் தம் நகர்வை மாற்றிக்கொள்ள அவரால் இயலாது. கடிகாரத்தை அழுத்தும் முன் சொல்வதால், எதிராளியின் சிந்தனை நேரத்தில் அவர் குறுக்கிடுவதில்லை. வேறு நேரத்தில் சொன்னாலும் முன்மொழிவு செல்லும். ஆயினும் எதிராளிக்கு இடையூறு செய்தல் ஆகாது என்னும் விதி அங்கே நினைக்கப்படும். அளவற்ற முறையில் சமன் கேட்பதையும் அவ்விதி இடையூறாகவே கருதுகிறது. நடுவர் எச்சரிக்கலாம், எதிராளிக்குக் கூடுதல் நேரம் வழங்கலாம்.

போட்டி நடத்துவோர் இவ்வுரிமையை மேலும் சுருக்குவதும் உண்டு. 2005-இல் பல்கேரியாவின் சோபியா நகரில் நடந்த போட்டியில் ஆட்டக்காரர்கள் தமக்குள் நேரடியாகச் சமன் பேசிக்கொள்வது தடுக்கப்பட்டது. அவ்வகை விதிகள் இன்றும் அந்நகரின் பெயராலேயே வழங்குகின்றன. 2024-ஆம் ஆண்டு உலக வாகையர் போட்டியில் கறுப்பின் 40-ஆவது நகர்வுக்கு முன் உடன்பாட்டுச் சமன் இல்லை. போராடாமல் பகிர்ந்துகொள்ளும் அரைப் புள்ளி பார்வையாளர்க்கும் பிற போட்டியாளர்க்கும் இழைக்கும் அநீதி என்பதே இக்கட்டுப்பாடுகளின் அடிப்படை.

வழக்குத் தரும் சான்று

விதிநூல் இச்செயலை ஒரு வழங்கலாகப் பேசுகிறது. ஆங்கில விதியின் சொல்லாட்சி ‘முன்வந்து தருதல்’ என்னும் பொருளுடையது. தமிழ் ஆட்டக்காரர்களின் பேச்சு வழக்கு இதற்கு மாறானது. முன்மொழிபவரைப் பற்றி ‘டிரா கேட்டார்’ என்பர். ஏற்றவரைப் பற்றி ‘டிரா கொடுத்துவிட்டார்’ என்பர். விதிநூலில் தருபவராக இருப்பவர் வழக்கில் பெறுபவராகிறார்.

இம்முரண் பிழையன்று, முன்மொழிவின் இரு முகங்களை அது காட்டுகிறது. நன்னூல் வினாவை ஆறு வகைப்படுத்துகிறது. அவற்றுள் கொளல்வினா ஒன்றைப் பெறும்பொருட்டுக் கேட்பது. கொடைவினா ஒன்றைக் கொடுக்கும்பொருட்டுக் கேட்பது. இரண்டின் சொல்லமைப்பும் ஒன்றாக இருக்கலாம். மழைக்கு ஒதுங்கி நிற்பவர் கடைக்காரரிடம் ‘குடை இருக்கிறதா?’ என்றால் அது கொளல்வினா. இரு குடைகளை வைத்திருப்பவர் மழையில் இறங்கப் போகும் ஒருவரிடம் அதையே கேட்டால் கொடைவினா. சொல் ஒன்றே, நோக்கம் வேறு. இவ்வகைப்பாட்டிற்கு அடிப்படை வினாவின் வடிவம் அன்று, வினவுவோரின் கருத்து என்பது கருதத்தக்கது.

சமன் முன்மொழிவும் இத்தகையதே. மேலான நிலையில் இருப்பவர் முன்மொழிந்தால் அது கொடை. தாழ்ந்த நிலையில் இருப்பவர் முன்மொழிந்தால் கொளல். இருவர்க்கும் வழியில்லாத நிலையில் முன்மொழிந்தால் கொடையும் கொளலும் ஒன்றாகின்றன. மரபு ஏற்கும் முன்மொழிவு பெரும்பாலும் இதுவே. தோற்கும் நிலையில் கேட்பது ஏன் நாகரிகமற்றதாகக் கருதப்படுகிறது என்பதும் இதனால் விளங்குகிறது. கேட்பது குற்றமன்று, கொளலைக் கொடையின் வடிவில் நீட்டுவதே எதிராளியைப் புண்படுத்துகிறது. ‘உனக்கு வெல்லத் தெரியாது’ என்னும் குறிப்பும் அதில் அடங்கிவிடுகிறது.

ஈ, தா, கொடு: தரவரிசையும் முன்மொழியும் உரிமையும்

இரத்தல் பொருளில் வரும் மூன்று சொற்களைத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் தகுதியால் பகுக்கிறது. ‘ஈ’ என்பது தாழ்ந்தோன் கூற்று. ‘தா’ என்பது ஒப்போன் கூற்று. ‘கொடு’ என்பது உயர்ந்தோன் கூற்று. கேட்பவர் தம் நிலையைத் தாம் தேரும் சொல்லாலேயே அறிவிக்கிறார்.

சதுரங்கத்திலும் அத்தகைய ஏற்றத்தாழ்வு உண்டு. அது பிறப்பாலோ செல்வத்தாலோ வருவதன்று, தரப்புள்ளியால் வருவது. 200 புள்ளி வேறுபாடுள்ள இருவர் ஆடும்போது, உயர்ந்த தரப்புள்ளி உடையவர் ஓர் ஆட்டத்தில் 0.76 புள்ளி பெறுவார் என ஃபிடேயின் கணக்கு எதிர்பார்க்கிறது. ஆட்டம் சமனானால் அவர் பெறுவது 0.5, எதிர்பார்ப்பில் குறைவது 0.26. மாற்றக் கெழு 20 உடைய ஆட்டக்காரர்க்கு இது 5.2 தரப்புள்ளி இழப்பாகும். எதிர்ப்பக்கத்தவர்க்கு, அவருடைய கெழுவும் 20 ஆயின், அதே 5.2 புள்ளி ஆதாயம். பெயர் சமன், பயன் சமன் அன்று.

தரத்தில் குறைந்தவர் உயர்ந்தவரிடம் தாமாகச் சமன் கேட்பதைத் தவிர்க்க வேண்டும் என்னும் எழுதா மரபு இக்கணக்கிலிருந்தே புரிந்துகொள்ளத்தக்கது. ‘ஈ’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் ‘கொடு’ என்று சொன்னாற்போல் அது ஒலிக்கிறது. எனினும் இம்மரபை முற்றான தடையாகக் கொள்வதற்கில்லை. பலகையின் நிலை தெளிவான சமன் ஆகும்போது இருவரும் ஒப்போர் ஆகின்றனர். அங்கே ‘தா’ என்பதற்கு இடமுண்டு. தரப்புள்ளி இருவரும் இதுவரை ஆடிய ஆட்டங்களின் பதிவு. பலகை இன்றைய ஆட்டத்தின் பதிவு. இரண்டும் முரண்படும்போது பலகைக்கே முதன்மை தருவது முறையாகும்.

திரையில் நிகழும் மாற்றங்கள்

இணையத்தில் முன்மொழிவு இழந்தவை மூன்று.

முதலாவது கால வரிசை. பலகையில் நகர்வும் கடிகாரத்தை அழுத்துதலும் இரு செயல்கள். அவற்றின் இடைவெளியில்தான் முன்மொழிவு அமர்ந்திருந்தது. திரையில் காய் தன் கட்டத்தை அடைந்த கணமே கடிகாரம் மாறுகிறது. ஆகவே நகர்வு, சொல், கடிகாரம் என்னும் வரிசைக்கு இடமில்லை. நகர்த்திய பின் பொத்தானைத் தொடுபவர், விரும்பினும் விரும்பாவிடினும், எதிராளியின் நேரத்தில்தான் பேசுகிறார். பலகையில் குறையாகக் கருதப்பட்டது இங்கே அமைப்பின் இயல்பாகிவிட்டது. நீண்ட நேர ஆட்டத்தில் இதனால் பெருங்கேடு இல்லை. ஒரு நிமிடத்தில் முடியும் புல்லட் ஆட்டத்திலோ, கடைசி நொடிகளில் திரையில் தோன்றும் ஓர் அறிவிப்பு எதிராளியின் கண்ணையும் விரலையும் தடுமாறச் செய்யும்.

இரண்டாவது விளியும் வினாவும். ‘அண்ணாச்சி’ என்பதும் ‘நிறுத்துவோமா’ என்பதும் பொத்தானில் இல்லை. கைகுலுக்கும் படமோ அரைப் புள்ளிக் குறியோ மட்டுமே எதிராளியைச் சென்றடைகிறது. உரையாடல் பெட்டியை மூடி வைத்து ஆடுவோரும் பலர். ஆகவே கேட்பவரின் வயது, தொனி, தயக்கம் எதுவும் தெரிவதில்லை.

மூன்றாவது முகம். பினலோப்பி பிரௌன், ஸ்டீபன் லெவின்சன் ஆகியோர் 1978-இல் வெளியிட்டுப் பின் 1987-இல் தனிநூலாக்கிய பணிவுக் கோட்பாடு, ‘முகம்’ என்னும் கருத்தை மையமாகக் கொண்டது. அவர்கள் ஆராய்ந்த மூன்று மொழிகளுள் தமிழும் ஒன்று. கோயம்புத்தூர் மாவட்டச் சிற்றூர் ஒன்றின் பேச்சிலிருந்து அதற்கான தரவுகள் பெறப்பட்டன. கேட்பவரையும் உள்ளடக்கிப் பேசுவது பணிவின் உத்திகளுள் ஒன்று என்பது அக்கோட்பாட்டின் முடிபுகளில் அடங்கும். தமிழர்க்கு இக்கருத்து புதிதன்று. முகம் கொடுத்துப் பேசுதல், முகம் முறிதல், முகதாட்சண்யம் முதலிய வழக்குகள் அதனையே சுட்டுகின்றன. பலகையின் எதிரே அமர்ந்திருப்பவரிடம் மூன்றாம் முறை சமன் கேட்கக் கூச்சம் தடுக்கும். திரைக்கு அப்பால் பெயரும் எண்ணும் மட்டுமே உள்ளவரிடம் அக்கூச்சம் எழுவதில்லை.

கூச்சம் செய்த பணியை இன்று மென்பொருள் ஓரளவு செய்கிறது. லிச்செஸ் தளத்தில் சமன் கேட்ட ஒருவர், இருவருமாக 20 நகர்வுகள், அதாவது ஆளுக்குப் பத்து, கடக்கும் முன் மீண்டும் கேட்க இயலாது. அத்தளத்தின் சுவிஸ் முறைப் போட்டிகளில் 30 நகர்வுகளுக்கு முன் உடன்பாட்டுச் சமன் இல்லை. இவ்வேலிகள் எண்ணிக்கையை அளப்பன. கேட்டது கொடையா கொளலா என்பதை அவை அறியா. 2021 மார்ச்சில் இணையவழிப் போட்டியொன்றில் கார்ல்சனும் நகமுராவும் அரசர்களை முன்னே கொண்டு வந்து, ஆறே நகர்வுகளில் ஒரே நிலையைத் திரும்பத் தோற்றுவித்துச் சமன் செய்தனர். முன்மொழிவு எதுவும் இன்றியே உடன்பாடு நிகழ்ந்தது. வேலிக்கு வெளியே எப்போதும் ஒரு வழி இருக்கும். அவ்வழியில் செல்லலாமா என்பதை ஆட்டக்காரர்தாம் முடிவு செய்ய வேண்டும்.

மறுப்பு: இனமொழி விடை

முன்மொழிவைப் போலவே மறுப்பும் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. சமன் கேட்டபின் எதிராளி ஒன்றும் சொல்லாமல் அடுத்த நகர்வைச் செய்தால், இணையத்தில் புதிதாக ஆடுவோர் அதை அவமதிப்பாகக் கொள்வதுண்டு. விதியின்படி காயை நகர்த்தத் தொடுவதே முழுமையான மறுப்பு. பெரும்பாலான தளங்களும் நகர்வை மறுப்பாகவே கொள்கின்றன.

நன்னூல் கூறும் எட்டு வகை விடைகளுள் சுட்டு, மறை, நேர் என்பன வெளிப்படையானவை. எஞ்சிய ஐந்தும் குறிப்பால் உணர்த்துவன. அவற்றுள் ஒன்று இனமொழி விடை. ‘ஆடுவாயா?’ என்பவருக்குப் ‘பாடுவேன்’ என்று விடையளிப்பதை உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவர். வினவியதற்கு இனமான வேறொன்றைச் சொல்வதன் மூலம் வினவியதற்கும் விடை கிடைத்துவிடுகிறது. ‘நிறுத்துவோமா?’ என்ற வினாவுக்குக் குதிரையை நகர்த்துவது அத்தகைய விடையாகும். அது மௌனமும் அன்று, அலட்சியமும் அன்று. ‘இல்லை’ என்று முகத்திற்கு நேரே சொல்லாமல் ஆட்டத்தின் மொழியிலேயே சொல்வதால், அது முகமுறிவைத் தவிர்க்கும் விடையும் ஆகும்.

மறுக்கும் உரிமைக்கு அண்மைக்காலச் சான்று 2024-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் நடந்த உலக வாகையர் போட்டி. டிங் லிரெனுக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில் குகேஷ், ஒரே நிலை திரும்பத் திரும்பத் தோன்றிச் சமனாவதைத் தவிர்த்து ஆட்டத்தைத் தொடர்ந்தார். அவ்வாட்டம் இறுதியில் சமனாகவே முடிந்தது. டிசம்பர் 12 அன்று நடந்த 14-ஆவது ஆட்டத்திலும், சமனை நோக்கிச் செல்வதாகப் பலரும் கருதிய இறுதிக்கட்ட நிலையில் அவர் சிறு மேம்பாட்டை விடாமல் ஆடினார், 55-ஆவது நகர்வில் டிங் பிழை செய்தார், போட்டி 7.5-6.5 என முடிந்தது. சமனை ஏற்காமல் தொடர்ந்தாடுவது எதிராளியை மதியாமை ஆகாது. அவரிடம் இன்னும் கேட்பதற்குக் கேள்விகள் உள்ளன என்பதே அதன் பொருள். அதே வேளையில் 2013 சென்னைப் போட்டியின் முதல் ஆட்டம் 16 நகர்வுகளில் சமனானதையும் குறையெனக் கொள்வதற்கில்லை. நீண்ட போட்டியின் தொடக்கத்தில் இருவரும் ஒருவரையொருவர் அளந்துபார்க்கும் நிலை அது.

தொடர்பு அறுந்த நிலையில்

இதுவரை கூறியவை பலகை ஆட்டத்திலிருந்து திரைக்கு வந்த சிக்கல்கள். திரைக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. அது இணைப்பு அறுதல். சுசீந்திரத்தில் தாணுமாலயன் கோயிலை அடுத்த ஒரு வீட்டிலிருந்து ஒரு மாணவர் ஓஸ்லோவில் இருக்கும் ஒருவருடன் ஆடுவதாகக் கொள்வோம். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் பெறும் மாவட்டம் அது. மழையில் மின்சாரம் நின்றால், நன்கு ஆடிக்கொண்டிருந்தவரின் கடிகாரம் யாரும் இல்லாத நிலையில் ஓடிக்கொண்டிருக்கும். எதிரே இருப்பவர்க்கு அவர் ஓடிவிட்டாரா, விளக்கணைந்து தவிக்கிறாரா என்பது தெரியாது.

லிச்செஸ் தளம் இந்நிலையில் காத்திருப்பவருக்கு மூன்று வழிகளைத் தருகிறது. சற்று நேரம் கழித்து அவர் வெற்றியை உரிமை கோரலாம். ஆட்டத்தைச் சமன் என அறிவிக்கலாம். அல்லது தொடர்ந்து காத்திருக்கலாம். இரண்டாம் வழி இக்கட்டுரையின் நோக்கில் சிறப்புடையது. எதிராளியின் ஒப்புதல் அங்கே தேவையில்லை, கேட்கவும் இயலாது. வெற்றியைப் பெறத்தக்க ஒருவர் அதில் பாதியை விட்டுக்கொடுக்கிறார். வினா நீங்கிக் கொடை மட்டும் எஞ்சும் இடம் இது. சமன் முன்மொழிவின் உயர்ந்த வடிவம் முன்மொழிவே இல்லாத இப்பொத்தானில் அமைந்திருப்பது எண்ணத்தக்கது.

இச்சிக்கல் மிக உயர்ந்த மேடையிலும் எழுந்தது. 2020-இல் ஃபிடே நடத்திய இணையவழி ஒலிம்பியாட்டின் காலிறுதியில் இந்தியாவும் ஆர்மீனியாவும் மோதின. ஆர்மீனிய ஆட்டக்காரர் ஒருவர் இணைப்பு அறுந்து நேரத்தால் தோற்றார். ஆர்மீனியாவின் முறையீடு ஏற்கப்படவில்லை. அந்த அணி விலகியது. ஆகஸ்ட் 30 அன்று இறுதிப்போட்டியில் இந்தியாவும் ரஷ்யாவும் முதல் சுற்றை 3-3 எனச் சமன் செய்தன. இரண்டாம் சுற்றில், பல நாடுகளைப் பாதித்த இணையக் கோளாறால் இந்தியாவின் நிகால் சரினும் திவ்யா தேஷ்முக்கும் தொடர்பை இழந்து நேரத்தால் தோற்றனர். இந்தியா முறையிட்டது. ஃபிடே தலைவர் அர்க்காதி துவர்கோவிச் இரு அணிகளுக்கும் தங்கம் என அறிவித்தார்.

ஒரே போட்டியில் ஓர் அணிக்கு மறுக்கப்பட்டதும் மற்றோர் அணிக்குக் கிடைத்ததும் அன்று விவாதத்திற்கு உள்ளாயின. இரு நிகழ்வுகளின் சூழலும் வேறுபட்டது. ஒன்றில் ஓர் ஆட்டக்காரரின் இணைப்பு மட்டும் அறுந்தது. மற்றொன்றில் பரவலான கோளாறு நேர்ந்தது. எனினும் இரண்டும் ஓர் உண்மையை உணர்த்துகின்றன. நடுவரும் முறையீட்டுக் குழுவும் உள்ள இடத்திலேயே இணைப்பறுதலுக்கு ஒருமுகமான நீதி எளிதாக அமையவில்லை. நடுவரே இல்லாத அன்றாட இணைய ஆட்டத்தில் நீதி முழுவதும் எதிராளியின் கையில் உள்ளது. நல்ல இணைப்பைப் பெற்றவர்க்கும் பெறாதவர்க்கும் இடையிலான வேறுபாடு தரப்புள்ளியில் பதிவாகாமல் காப்பது இக்கொடை ஒன்றே.

பின்பற்றத்தக்க நெறிகள்

மேற்கண்ட ஆய்விலிருந்து பின்வரும் நெறிகளைத் தொகுக்கலாம்.

1. நிலை சமமாக இருந்து, இருவர்க்கும் முன்னேற வழி இல்லை என்று காட்டக்கூடிய இடத்தில் மட்டும் முன்மொழிதல் நன்று. தோற்கும் நிலையில் முன்மொழிவதைத் தவிர்த்தல் வேண்டும்.

2. ஒருமுறை மறுக்கப்பட்டபின், பலகையின் நிலை மெய்யாகவே மாறியிருந்தால் அன்றி மீண்டும் கேட்டல் ஆகாது. தளம் அனுமதிக்கிறது என்பது போதிய காரணம் அன்று.

3. கேட்பதானால் நகர்வோடு ஒட்டிக் கேட்டல் வேண்டும். எதிராளி நெடுநேரம் சிந்திக்கும்போதும், இருவருக்கும் சில நொடிகளே எஞ்சியபோதும் பொத்தானைத் தொடாமை நன்று.

4. தரப்புள்ளியில் மிகவும் குறைந்தவர் பலகையின் நிலை தமக்காகப் பேசும் வரை காத்திருத்தல் தகும்.

5. மறுப்பவர் காரணம் கூற வேண்டியதில்லை. நகர்வே விடையாகும். மறுக்கப்பட்டவர் அதனை விடையாகவே ஏற்றல் வேண்டும்.

6. எவராலும் வெல்ல இயலாது என்று தெரிந்த நிலையில், நேரத்தால் மட்டும் வெல்லும் நோக்குடன் நகர்த்திக்கொண்டே இருத்தல் விதிக்கு உட்பட்டதே. கூடுதல் நேரம் சேராத பலகை ஆட்டங்களில் இதற்கு எதிராக நடுவரிடம் முறையிட ஃபிடேயின் வழிகாட்டு நெறிகளில் இடமுண்டு. நடுவர் இல்லாத இடத்தில் அப்பொறுப்பை ஆட்டக்காரரே ஏற்று, வரும் முன்மொழிவை ஒப்புதல் சிறப்பு.

7. எதிராளியின் இணைப்பு அறுந்தால் முதலில் காத்திருத்தல், பின்னர் நிலைக்கேற்பச் சமன் அளித்தல் என்பது வரிசையாக அமைதல் வேண்டும்.

முடிவுரை

சமன் முன்மொழிவு சொல்லால் நிகழ்ந்த காலத்தில் அதன் நோக்கம் விளியிலும் வினாவிலும் முகத்திலும் வெளிப்பட்டது. திரையில் அவை மூன்றும் நீங்கியபின், நோக்கத்தை அறிவிக்க எஞ்சியிருப்பவை இரண்டே: கேட்கும் காலம், கேட்கும் நிலை. இணைய ஆட்ட நெறிகள் அனைத்தும் இவ்விரண்டையும் சுற்றியே அமைந்திருப்பதன் காரணம் இதுவாகும். வடிவத்தால் ஒன்றாகத் தோன்றும் வினாக்களைக் கருத்தால் வேறு பிரித்த நன்னூலார் பகுப்பு, சொல்லே இல்லாத ஒரு பொத்தானுக்கும் பொருந்துவது அப்பகுப்பின் வலிமையைக் காட்டுகிறது.

பள்ளிகளிலும் பயிற்சி மையங்களிலும் திறப்புகளையும் இறுதிக்கட்ட உத்திகளையும் கற்பிப்போர் இந்நெறிகளையும் பாடமாக வைத்தல் வேண்டும். இணையத்தில் பழகிய கை போட்டியரங்கிற்கு வரும்போது அங்கே நடுவர் இருப்பார், எச்சரிக்கை வரும். சுசீந்திரம் போன்ற சிற்றூரிலிருந்து கைப்பேசியை மட்டும் நம்பி ஆடும் மாணவர்க்கோ, அவ்வரங்கிற்கு வரும் முன்னரே எதிராளியின் கொடை தேவைப்படலாம். அதைப் பெறுவதற்குரிய தகுதி, தாம் பிறர்க்கு அதனை அளித்துப் பழகுவதே ஆகும்.